முதலில் ட்யூனர் வரட்டும்

வீட்டுக் கூடத்தில் பல ஆண்டுகளாக வாய் திறக்காமல் நிற்கும் பழைய பியானோவுக்கு உடம்பு எப்படி, வயது என்ன, விலை எவ்வளவு? தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

வேப்பேரியில் என் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் ஒரு பியானோ நிற்கிறது. சுவரை ஒட்டி வைக்கும் அப்ரைட் வகை. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வந்துவிட்டது. மேலே குரோஷாத் துணி, துணியின் மேல் ஞானஸ்நானப் போட்டோ, கல்யாணப் போட்டோ, தாத்தாவின் படம். ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் வந்தால் இவற்றையெல்லாம் இறக்கிவைத்துவிட்டுப் பெரியம்மா கீர்த்தனை வாசிப்பார். கடைசியாக எந்த கிறிஸ்துமஸுக்கு வாசித்தார் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

போன வருடம் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதென்று முடிவானது. புது ஃபிளாட்டில் இதற்கு இடம் இல்லை என்று அண்ணன் காயலாங்கடைக்காரரை வரவழைத்தார். வந்தவர் மேல்மூடியைத் தூக்கி, உள்ளே தெரிந்த வார்ப்பிரும்புச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். இரும்புக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு, தூக்குகூலி போக இவ்வளவு என்று கணக்குச் சொன்னார். இதே பியானோவைப் பத்து வருடத்துக்கு முன்பு பார்த்த ஒரு விருந்தாளி, “இது ஆன்டிக். லட்சக்கணக்கில் போகும். விட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பெரியம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஒருத்தர் லட்சம்ங்கிறார், ஒருத்தர் கிலோக் கணக்குல கேக்குறார். ரெண்டு பேருமே ஒரு கட்டையைக்கூட அமுக்கிப் பாக்கலையேடா. முதல்ல ட்யூனர் வரட்டும்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கப்பலில் வந்தவை

தமிழ்நாட்டில் இப்படி நிற்கும் பியானோக்கள் கொஞ்சமல்ல. ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்களில், பழைய தேவாலயங்களில், கான்வென்ட் பள்ளிகளின் அசெம்ப்ளி ஹால்களில், புரசைவாக்கம், பெரம்பூர் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. மெட்ராஸில் 1842-லேயே மிஸ்கித் என்ற பெயரில் ஒரு இசைக்கருவி நிறுவனம் தொடங்கிவிட்டது. பின்னாளில் அதுவே ‘மியூசி மியூசிக்கல்’ ஆகி, அண்ணா சாலையின் அடையாளங்களில் ஒன்றாக நிலைத்தது. லண்டன், பெர்லின், லைப்சிக் நகரங்களில் செய்த பியானோக்கள் கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கின. துரைமார் வீட்டுக்கும் மிஷன் பள்ளிக்கும் போனவை, அவர்கள் ஊர் திரும்பியபோது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் கைமாறின. பிறகு சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் போயின. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா மேற்கத்திய இசை பயின்ற கதை நமக்குத் தெரியும்.

கருவிகள் வந்தன, வாசித்தவர்கள் போய்விட்டார்கள், கருவிகள் மட்டும் நிற்கின்றன. வீடு மாறும்போது இதை என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் மூன்று விஷயங்களை வரிசை மாறாமல் பார்க்க வேண்டும்.

முதலில் மூச்சு

பெரியம்மா வீட்டுக்கு வந்த ட்யூனர் எழுபதைக் கடந்தவர். அப்பாவிடம் தொழில் கற்றவர். தோல் பையில் ட்யூனிங் சாவி, இசைக்கவை, கம்பிகளுக்கு இடையே செருகும் ரப்பர் ஆப்புகள், ஒரு டார்ச். “ஐயா, இதுக்கு எத்தனை வயசு இருக்கும்?” என்றேன். “வயசை அப்புறம் கேப்போம் தம்பி. முதல்ல மூச்சு இருக்கான்னு பாப்போம்” என்றார்.

பாட்டு எதுவும் வாசிக்கவில்லை. இடது கோடியில் தொடங்கி, வெள்ளை, கறுப்பு எதையும் விடாமல் ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே வலது கோடி வரை போனார். நாலு கட்டை பேசவில்லை. இரண்டு அமுங்கியபடியே நின்றன. நடு ஸ்தாயியில் ஒன்று வண்டு ரீங்கரிப்பதைப் போல அதிர்ந்தது. எல்லாவற்றையும் ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டார். இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும்.

பிறகு இசைக்கவையைத் தட்டிக் காதருகே வைத்தார். இன்று உலகம் ஒப்புக்கொண்ட சுருதி, நடு ஸ்தாயியின் ‘ஏ’ ஸ்வரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு. 1939-ல் லண்டனில் கூடிய மாநாட்டில் எட்டிய முடிவு அது. அதற்கு முன் பிரான்சில் 435, விக்டோரியா காலத்து லண்டன் கச்சேரிகளில் ஏறக்குறைய 452 என்று ஊருக்கொரு சுருதி இருந்தது. எங்கள் பியானோ ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் மேலாகக் கீழே இறங்கியிருந்தது. பல ஆண்டுகள் தொடாமல் விட்டால் எந்தப் பியானோவும் இறங்கும். இறங்கியது நோயா அல்லது வெறும் அசதியா என்பதுதான் அடுத்த கேள்வி.

அதற்கு முன்பலகையைக் கழற்ற வேண்டும். நான்கு பூட்டுகளைத் திருப்பினால் வந்துவிடுகிறது. உள்ளே பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. வீணைக்குப் பிரடை எப்படியோ அப்படி, பியானோவுக்கு எஃகுப் பின்கள். ஒரு பியானோவில் இவை இருநூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி. ஒரு கம்பியின் இழுப்பு ஏறத்தாழ 70, 80 கிலோ. எல்லாம் சேர்ந்தால் 15 முதல் 20 டன் வரை. அவ்வளவு இழுப்பையும் ராப்பகலாகத் தாங்கி நிற்பது அந்த வார்ப்பிரும்புச் சட்டம். 1825-ல் பாஸ்டன் நகரத்து ஆல்ஃபியஸ் பாப்காக் ஒரே வார்ப்பில் இரும்புச் சட்டம் செய்து காப்புரிமை பெற்ற பிறகுதான், பியானோவால் இத்தனை கனத்த கம்பிகளைத் தாங்க முடிந்தது. காயலாங்கடைக்காரர் எடைபோட்டது அந்தச் சட்டத்தைத்தான். டார்ச் அடித்து முதலில் பார்க்க வேண்டியதும் அதையே. அதில் விரிசல் இருந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது.

அடுத்து, பின்கள் இறங்கியிருக்கும் பின் பிளாக். மேப்பிள் அல்லது பீச் மரத்தை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த கட்டை அது. மரம் உலர்ந்து பிளந்தால் பின் வழுக்கும். எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் மறுநாளே இறங்கிவிடும். ட்யூனர் சாவியைப் பின்னில் மாட்டி மயிரிழை அளவு திருப்பிப் பார்த்தார். “இதைக் கண்ணால பாக்க முடியாது, கைதான் சொல்லும்” என்றார். பதினான்கு பின்கள் தளர்ந்திருந்தன. சில பின்கள் மற்றவற்றைவிட ஆழமாக அடித்து இறக்கப்பட்டிருந்தன. முன்பே யாரோ வைத்தியம் பார்த்ததற்கான தழும்பு அது. சில பியானோக்களில் பின்னைச் சுற்றி எண்ணெய்க் கறை போல இருக்கும். இறுக்கம் வரட்டும் என்று ஏதோ திரவம் ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். வாங்கப்போகிறவர் கண்ணில் முதலில் படவேண்டியது இதுதான்.

பியானோவைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்பக்கம் பார்த்தார். ஸ்ப்ரூஸ் மரத்தாலான ஒலிப்பலகை, அதாவது சவுண்ட் போர்டு, அங்கேதான் தெரியும். பலகை தட்டையாக இல்லாமல் லேசாக வளைந்து கம்பிகளை நோக்கிப் புடைத்திருக்கும். கம்பியின் அதிர்வைப் பலகைக்குக் கொண்டுபோவது பிரிட்ஜ், வீணையின் குதிரை செய்யும் அதே வேலை. எங்கள் பியானோவின் ஒலிப்பலகையில் இரண்டு விரிசல்கள் இருந்தன. என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “விரிசல் இருந்தா செத்துப்போச்சுன்னு இல்ல தம்பி. விரிசல் பேசுதா, அதான் கேள்வி.” பலகைக்கும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் ஒட்டு விட்டுப்போனால் அதிரும், இல்லாவிட்டால் விரிசலோடு நூறு வருடம் பாடும் என்றார். அவரைக் கவலைப்பட வைத்தது வேறொன்று. மந்தர ஸ்தாயிப் பிரிட்ஜில், ஆணிகளை ஒட்டி மரம் பிளக்கத் தொடங்கியிருந்தது.

கடைசியாகச் சுத்தியல்கள். கட்டையை அழுத்தினால் கம்பியை அடிப்பவை, கெட்டிக் கம்பளி ஃபெல்ட் சுற்றியவை. அடித்து அடித்துக் கம்பியின் தடம் பள்ளமாகப் பதியும். ஃபெல்ட் தடிப்பாக மிச்சமிருந்தால் சீவிச் சரிசெய்யலாம். மரம் தெரியும் அளவு தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

சென்னைக் காற்று செய்வது

பியானோவை வேகமாகக் கிழமாக்குவது வருடங்களைவிட ஈரப்பதம். ஐப்பசி மழையில் மரம் ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும். அமுங்கிய கட்டை எழாமல் போவது பெரும்பாலும் இந்த ஊதலால்தான், அதைச் சரிசெய்வது சின்ன வேலை. கடற்காற்று கம்பியில் துருவேற்றும். அந்துப்பூச்சி ஃபெல்ட்டைத் தின்னும், எலி உள்ளே கூடு கட்டும், கரையான் சத்தமில்லாமல் காலிலிருந்து ஏறும். அடியில் மாவு போல மரத்தூள் கொட்டிக் கிடந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

வெப்பநாடுகளுக்கு ஏற்றுமதி செய்த ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் இதை அறிந்திருந்தார்கள். பசையை மட்டும் நம்பாமல் மூட்டுகளைத் திருகாணியிட்டு முடுக்கினார்கள், பித்தளைப் பட்டைகள் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட வேலைப்பாடு உங்கள் பியானோவில் தெரிந்தால், அது நம் போன்ற நாட்டுக்கென்றே செய்தது என்று கொள்ளலாம். நம் ஊர் வீடுகளும் ஒரு வழி கண்டுபிடித்தன. மழைக்காலத்தில் கீழ்ப்பலகைக்குள் மங்கலான ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள், அந்த மெல்லிய சூடு ஈரத்தை விரட்டும். எங்கள் பியானோவுக்குள்ளும் பழைய பல்பு ஹோல்டர் ஒன்று இருந்தது. தாத்தா மாட்டியது என்று பெரியம்மா சொன்னார். “இந்த பல்புதான் இதை இவ்வளவு நாள் காப்பாத்தியிருக்கு” என்றார் ட்யூனர்.

பிறகு வயது

எங்கள் வீட்டில் இது 1851-ல் செய்த பியானோ என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். மூடியின் உட்புறத்தில் ஒரு பதக்கப் படமும் அந்த ஆண்டும் பொன்னிறத்தில் இருக்கின்றன. அது லண்டன் கண்காட்சியின் ஆண்டு, பியானோவின் பிறந்த ஆண்டல்ல. பதக்கம், காப்புரிமை, நிறுவனம் தொடங்கிய ஆண்டு எது அச்சாகியிருந்தாலும், பியானோ அதற்கு முந்தியது அல்ல என்பதை மட்டுமே அது சொல்லும்.

மூடியில் இருக்கும் பெயரும் பல நேரம் செய்தவர் பெயராக இருப்பதில்லை. அந்தக் காலத்தில் விற்ற கடைகள் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. எங்கள் பியானோவில் இருப்பது ஒரு மவுண்ட் ரோடு கடையின் பெயர்.

ஆகவே தேட வேண்டியது வரிசை எண். இரும்புச் சட்டத்தின் மேல்பகுதியில் பின்களுக்கு அருகே, ஒலிப்பலகையில், பின்பக்க மரத்தில், அல்லது இடது கோடி முதல் கட்டையை வெளியே எடுத்தால் அதன் பக்கவாட்டில் அது இருக்கும். செய்தவர் பெயரும் எண்ணும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எந்த நிறுவனம் எந்த ஆண்டில் எந்த எண் வரை செய்தது என்று அட்டவணையிட்ட நூல்கள் உண்டு. ‘பியர்ஸ் பியானோ அட்லஸ்’ ட்யூனர்களின் கைப்புத்தகம். ஸ்டைன்வே நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1853-ல் நியூயார்க்கில் தொடங்கி, முதலில் விற்ற பியானோவுக்கு 483 என்று எண்ணிட்டது. 1903-ல் அமெரிக்க வெள்ளை மாளிகைக்குப் போனது 1,00,000-ஆவது பியானோ. 1938-ல் அங்கே போனது 3,00,000-ஆவது. உங்கள் ஸ்டைன்வேயின் எண் இவை இரண்டுக்கும் நடுவில் இருந்தால், அதன் பிறப்பும் அந்த 35 ஆண்டுகளுக்குள்தான்.

எங்கள் பியானோவிலும் ஐந்து இலக்க எண் இருந்தது. செய்தவர் பெயர் எங்கும் இல்லை, பெயரில்லாத எண் தெரு தெரியாத கதவிலக்கத்தைப் போன்றது. ட்யூனர் சலிக்கவில்லை, உடம்பில் உள்ள மற்ற அடையாளங்களைப் பார்க்கத் தொடங்கினார்.

இரும்புச் சட்டத்தின் ஓரத்தில் ‘மேட் இன் ஜெர்மனி’ என்று இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைத் தெளிவாக்க 1887-ல் பிரிட்டன் சட்டம் கொண்டுவந்த பிறகு பரவிய முத்திரை அது. ஆகவே பியானோ அதற்குப் பிந்தியது. முன்பலகையில் இரண்டு பக்கமும் மெழுகுவத்தித் தாங்கியைக் கழற்றிய துளைகள் இருந்தன; மின்விளக்கு பரவியதும் மறைந்துபோன அலங்காரம் அது. கட்டைகள் 85. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 88 வழக்கத்துக்கு வரத் தொடங்கினாலும், ஐரோப்பாவில் 85 இன்னும் சில காலம் நீடித்தது. 1914-ல் முதல் உலகப் போர் வெடித்ததும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு ஜெர்மன் பியானோ வருவது நின்றது. லண்டனில் 1901-ல் திறந்த பெக்‌ஸ்டைன் ஹால்கூட 1917-ல் விக்மோர் ஹால் என்று பெயர் மாறியது, அந்த அளவுக்குக் கசப்பு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த ட்யூனர், “பெரும்பாலும் அந்தப் போருக்கு முந்தின சரக்கு. 1887-க்கு இந்தப் பக்கம், 1914-க்கு அந்தப் பக்கம்” என்றார். எங்கள் குடும்பக் கதையிலிருந்து முப்பத்தாறு வருடமாவது குறைந்துவிட்டது. பெரியம்மா வருத்தப்படவில்லை. “சரியான வயசு தெரிஞ்சா போதும்” என்றார்.

கடைசியில் விலை

பழசு என்றால் விலை கூடும் என்பது பியானோ விஷயத்தில் பெரும்பாலும் பொய்த்துப்போகும். நல்ல வயலினின் மரம் காலத்தோடு மதிப்பேறலாம். பியானோவோ ஆயிரக்கணக்கான உறுப்புகள் அசைந்து உரசித் தேயும் யந்திரம், அதற்கு நம் உடம்பைப் போல மூப்பு உண்டு.

கோடிகளில் விற்ற பியானோக்கள் இருக்கின்றன. 1970-ல் ஜான் லெனன் வாங்கிய சாதாரண அப்ரைட் ஸ்டைன்வேயை 2000-ல் நடந்த ஏலத்தில் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் 14.5 லட்சம் பவுண்டுக்கு எடுத்தார். ‘காசாபிளாங்கா’ படத்தில் வந்த, 58 கட்டைகளே கொண்ட சின்னப் பியானோ 2014-ல் 34 லட்சம் டாலருக்குப் போனது. 1817-ல் லண்டனின் பிராட்வுட் நிறுவனம் பீத்தோவனுக்கு அனுப்பிய 7362 எண்ணுள்ள பியானோ, லிஸ்ட் கைக்குப் போய், இன்று புடாபெஸ்டில் ஹங்கேரி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கெல்லாம் மதிப்புக்குக் காரணம் அதைத் தொட்ட கை, அதுவும் ஆவணத்தோடு நிரூபணமான கை. ‘ஒரு கவர்னர் வீட்டிலிருந்து வந்தது’ என்ற செவிவழிச் செய்திக்குச் சந்தையில் காசு இல்லை. ரசீது, கடிதம், போட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

மற்ற பியானோக்களுக்கு ட்யூனர் சொன்ன கணக்கு எளிமையானது. இதே வகைக் கருவி நல்ல நிலையில் என்ன விலைக்குப் போகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அதில் பழுதுபார்க்கும் செலவைக் கழியுங்கள். இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும் பொருளைப் படியிறக்கிக் கொண்டுபோகும் செலவைக் கழியுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் சுருதி நிலைக்கும்வரை பல முறை சேர்க்கும் செலவைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் விலை. ஸ்டைன்வே, பெக்‌ஸ்டைன், புளூத்னர் ஆகிய மூன்றும் 1853-ல் நியூயார்க், பெர்லின், லைப்சிக் நகரங்களில் பிறந்தவை. இத்தகைய பெயர்களில், முக்கியமாக கிராண்ட் வகையில், கழித்த பிறகும் கணிசமாக மிஞ்சும். பெயர் தெரியாத அப்ரைட்டில் பல சமயம் ஒன்றும் மிஞ்சாது.

எங்கள் பியானோவிலும் மிஞ்சவில்லை. லட்சம் சொன்னவர் சொன்னது தவறு. ஆனால் காயலாங்கடைக் கணக்கும் தவறு என்றார் ட்யூனர். பதினான்கு பின்களுக்கும் சற்றுப் பருமனான பின் போடலாம். பிரிட்ஜை ஒட்டி இறுக்கலாம். துருவேறிய கம்பிகளை 440 வரை இழுத்து அறுப்பதற்குப் பதில், ஒரு ஸ்வரஸ்தானம் கீழேயே நிறுத்திச் சுருதி சேர்க்கலாம். “கச்சேரிக்கு ஆகாதும்மா. ஆனா ஒரு பிள்ளை உக்காந்து பத்து வருஷம் பழக இது போதும்.”

தந்தக் கட்டைகள்: ஓர் எச்சரிக்கை

நூறு வருடத்துக்கு மேற்பட்ட பியானோக்களில் வெள்ளைக் கட்டைகளின் மேல்தகடு யானைத்தந்தமாக இருக்கலாம். உற்றுப் பாருங்கள். அகலமான முன்பகுதியும் கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய பின்பகுதியும் தனித்தனித் தகடாக இருந்து, நடுவில் மெல்லிய கோடு தெரிந்தால் தந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மரத்தின் ரேகை போல மங்கிய கோடுகளும் தெரியும். செல்லுலாய்ட், பிளாஸ்டிக் தகடுகள் பொதுவாக ஒரே துண்டு. சூடான ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம், செல்லுலாய்ட் தீப்பற்றும்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தந்த வணிகம் குற்றம். தகடுகளைப் பெயர்த்து விற்கவே கூடாது. அப்படிப்பட்ட பியானோவைக் கைமாற்றும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வதே முறை.

விற்கும் முன், வாங்கும் முன்

• எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பேசாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

• கடைசியாக எப்போது சுருதி சேர்த்தார்கள் என்று கேளுங்கள்.

• முன்பலகையைத் திறந்து பின், கம்பி, சுத்தியல், இரும்புச் சட்டம் நான்கையும் போட்டோ எடுங்கள்.

• வரிசை எண்ணைத் தெளிவாகப் படமெடுங்கள். பதக்கத்தின் ஆண்டை வயதென்று நம்பாதீர்கள்.

• மேற்பூச்சின் பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள்.

• ட்யூனருக்குக் கூலி கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். வாங்குபவரோ விற்பவரோ அல்லாத ஒருவர் அவர்தான்.

பென்சில் எழுத்து

கீழ்ப்பலகையைக் கழற்றியபோதுதான் அதைப் பார்த்தோம். பலகையின் உட்புறத்தில் பென்சிலால் வரிசையாகத் தேதிகள். ஒவ்வொரு முறை சுருதி சேர்த்தபோதும் வந்தவர் எழுதிவிட்டுப் போனவை. மேலே இருப்பவை மங்கிப் படிக்க முடியாதவை. கடைசித் தேதியைப் பெரியம்மா கண்ணாடி போட்டுப் படித்தார். பெரியப்பா இறந்ததற்கு முந்தின மாதம். அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை.

இப்போது அந்தப் பியானோ பக்கத்துத் தேவாலயத்துப் பள்ளிக்குப் போக ஏற்பாடாகிவிட்டது. பழுது பார்க்கும் செலவு பெரியம்மாவுடையது. மூன்று நாள் வேலை முடித்துவிட்டு ட்யூனர் கீழ்ப்பலகையை மாட்டுவதற்கு முன், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். பழைய தேதிக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினார். அதற்கும் கீழே நிறைய இடம் இருந்தது.